ராசி கெட்டவன் கொண்டுவந்த மூன்று கிண்ணங்கள்

1970-ல் பேராக் கால்பந்து அணி மலேசியக் கிண்ணத்தை வென்றது. 1971-ல் நான் பிறந்தேன். அதற்குப் பிறகு 1998 வரை அந்தக் கிண்ணம் பேராக் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. இந்த மூன்று செய்திகளையும் எடுத்து ஒரே முடிச்சாகப் போட்டவர் என் தாத்தா.

அவர் கையில் ஆதாரமும் இருந்தது. நான் பிறந்த 1971-ல் பேராக் இறுதியாட்டம் வரை போய் சிலாங்கூரிடம் தோற்றது. எனக்குப் பல் முளைத்த 1972-ல் மறுபடியும் இறுதியாட்டம், மறுபடியும் சிலாங்கூர், மறுபடியும் தோல்வி. வானொலிப் பெட்டி இருந்த மேசை வரைக்கும் யார் துணையும் இல்லாமல் நான் நடந்துபோகக் கற்றுக்கொண்ட 1974-ல் பினாங்கிடம் தோற்றது. "பையன் வளர வளர எதிரி மாறுறான், தோல்வி மட்டும் மாறமாட்டேங்குது" என்று தாத்தா சொன்னாராம். மற்ற பிள்ளைகளுக்கு ஜாதகம் எழுத ஜோசியரைத் தேடி ஈப்போவுக்குப் போனார்கள். எனக்கு அந்தப் பஸ் செலவை மிச்சம் வைத்து, பேராக் அணியே எழுதிக் கொடுத்துவிட்டது.

தாத்தா கோப்பெங்குக்குப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர். விடியும் முன்னே பிரட்டுக்குப் போய் நின்று பெயர் கொடுத்துவிட்டு, நானூறு மரம், நானூறு மங்கு. மங்கு என்றால் மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம். "தினம் நானூறு கிண்ணத்தக் கையால தொட்டவன்டா நான். அந்த ஒரே ஒரு கிண்ணத்த மட்டும் கண்ணால பாக்கமுடியாமப் பண்ணிட்டியே" என்று என்னைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். எனக்கு அப்போது ஆறு வயது. என்ன பதில் சொல்ல முடியும்? மன்னிப்புக் கேட்டேன்.

அந்தக் கிண்ணத்துக்கும் தாத்தாவின் நானூறு மங்குக்கும் ஒரு பழைய உறவு உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு கூட்டு மாநிலங்களின் காசில் 'எச்.எம்.எஸ். மலாயா' என்று ஒரு போர்க்கப்பல் கட்டி இங்கிலாந்துக்குக் கொடுத்தார்கள். காசு வேறு எங்கிருந்து வரும்? கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டிய ஈயத்திலிருந்தும், வெட்டிய ரப்பரிலிருந்தும் வந்ததுதான். அந்தக் கப்பல் 1916-ல் ஜட்லண்ட் கடற்போரில் சண்டை போட்டது. பிறகு 1921-ல் இந்தப் பக்கம் வந்தபோது, கப்பல்காரர்கள் நன்றிக்கு ஒரு கிண்ணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதுதான் மலாயா கிண்ணம். கப்பலைக் கொடுத்துக் கிண்ணத்தை வாங்கிய வியாபாரம் உலகத்தில் வேறெங்கும் நடந்திருக்காது. அதையும் சும்மா தரவில்லை, நீங்களே அடித்துக்கொண்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார்கள்.

1967-ல் அதன் இடத்தில் மலேசியக் கிண்ணம் வந்தது. அந்த முதல் கிண்ணத்தை, சிங்கப்பூரை 2-1 என்று அடித்து, பேராக்தான் வாங்கியது. அதற்கு முன்னால் 1926, 1931, அப்புறம் நாடு சுதந்திரம் அடைந்த 1957. தாத்தா 1957-ஐயும் 1967-ஐயும் 1970-ஐயும் சாமி படத்தைத் தொட்டுக் கும்பிடுவதுபோல ஒவ்வொன்றாகச் சொல்வார். மூன்றையுமே அவர் கேட்டதுதான், பார்த்ததில்லை. தோட்டத்தில் நல்ல வானொலி, கணக்கு எழுதும் கிராணி வீட்டில்தான் இருந்தது. கிராணி வீட்டுப் படியேறித் தொழிலாளி உள்ளே போவது அந்தக் காலத்தில் வழக்கமில்லை. ஜன்னலுக்கு வெளியே பூச்செடிகளுக்கு நடுவில் ஒரு கூட்டமாக நின்று கேட்பார்களாம். 1967-ல் கோல் விழுந்த சந்தோஷத்தில் கிராணியின் ரோஜாச் செடி இரண்டு மிதிபட்டுச் செத்ததாகவும், மறுநாள் பிரட்டில் அதற்கு விசாரணை நடந்ததாகவும் தாத்தா சொல்வார். செடியை மிதித்தவர் யார் என்பதைக் கடைசி வரை சொல்லவில்லை. செருப்பில் முள் குத்தியதை மட்டும் சொன்னார்.

இதெல்லாம் என் ஜாதகத்துக்கு முன்கதை. இனி நான்.

1990-ல் ஒரு நல்லது நடந்தது. முதன்முறையாக நடந்த எஃப்.ஏ. கிண்ணத்தில் பேராக் சிலாங்கூரை 4-2 என்று அடித்தது. அன்று நான் அதைப் பார்த்தேனா இல்லையா என்று வீட்டில் பெரிய விவாதம். பார்த்தேன் என்று நான் சொன்னேன். "அது வேற கிண்ணம், செல்லாது" என்று தாத்தா தீர்ப்பளித்தார். 1993-ல் இன்னொரு வேதனை. பேராக்குக்காக ஆடிய நம் ஈப்போக்காரர் எம். கராத்து, பயிற்சியாளராகக் கெடாவுக்குப் போய், அவர்களுக்கு லீக்கையும் மலேசியக் கிண்ணத்தையும் ஒரே வருடத்தில் வாங்கிக் கொடுத்தார். "பாத்தியா, நம்ம ஆளுக்கே உன்னை விட்டுத் தூரமாப் போனாத்தான் கிண்ணம் கிடைக்குது" என்றார் தாத்தா. அவருக்கு எல்லாப் பாதையும் என்னிடம் வந்துதான் முடியும்.

1998. டாலர் ஒன்றுக்கு 3 வெள்ளி 80 சென் என்று நம் காசைக் கயிறு போட்டுக் கட்டிய வருடம். அந்தக் கயிற்றுக்குள் ஆலைகள் மூடின, வேலைகள் போயின. நாங்கள் அதற்கு முன்னமே தோட்டத்தை விட்டு வெளியேறி, கோப்பெங் தாமான் ஒன்றில் குடியிருந்தோம். தோட்டத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டிருந்தது. நாட்டில் மற்ற எந்தச் செய்தியும் நன்றாக இல்லாத நேரத்தில், பேராக் இறுதியாட்டத்துக்குப் போய்விட்டது. எதிரே திரங்கானு.

வீட்டில் பதினேழு பேர். ஒரு தொலைக்காட்சி. தாத்தாவுக்குச் சாய்வு நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை. எனக்கு மட்டும் அடுப்படி வாசற்படி. அங்கிருந்து திரையின் இடது ஓரம் மட்டும் தெரியும், அதாவது பேராக் அணி பாதி நேரத்துக்கு எனக்குத் தெரியாது. இது குடும்பம் கூடிப் பேசி எடுத்த சமரச முடிவு. பாதித் திரை பார்த்ததால் ஆட்டமும் பாதியாகவே நின்றது: 1-1. கூடுதல் நேரமும் முடிந்தது. பினால்டி என்றார்கள்.

தாத்தா நாற்காலியிலிருந்து திரும்பினார். பதினாறு தலைகளும் சேர்ந்து திரும்பின.

"தம்பி, வெத்தல தீந்துபோச்சு. போய் வாங்கிட்டு வா."

"தாத்தா, மணி என்ன ஆகுது, எந்தக் கடை தெறந்திருக்கும்?"

"தெறந்திருக்கிற கடையாப் பாத்துப் போ. ஈப்போ வரைக்கும் போனாலும் சரி."

போனேன். கோப்பெங் பெரிய தெரு அன்றைக்குப் போல ஆளற்று இருந்து நான் பார்த்ததில்லை. பழைய கடைவீடுகளின் பலகைக் கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு சீனக் காப்பிக்கடையில் விளக்கு எரிந்தது. உள்ளே கூட்டம், தொலைக்காட்சி. வாசலில் கால் வைத்தேன். எங்கள் தாமானில் குடியிருக்கும் ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். எழுந்து வந்து, மரியாதையாகத் தோளில் கைபோட்டு, திரும்பத் தெருவில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். என் பெயர் அவருக்குத் தெரியாது. ராசி தெரிந்திருந்தது.

தெரு நடுவில் ஒரு நாயும் நானும் நின்றோம். எல்லா வீட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் ஒரு கூச்சல் கிளம்பியது. பிறகு ஓர் அமைதி, முனகல். மறுபடி கூச்சல். நான் விரல் விட்டு எண்ணினேன். மொத்தம் ஆறு கூச்சல். ஆறாவது கூச்சல் நிற்கவேயில்லை. கதவுகள் திறந்தன, தகரம் தட்டினார்கள், யாரோ மோட்டாரை எடுத்துக்கொண்டு ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினார்கள். நாய் பயந்து என் காலுக்கு நடுவில் வந்து நின்றது.

எனக்கு ஒரு கணக்கு இடித்தது. ஐந்து பேர்தானே உதைப்பார்கள், ஆறு கூச்சல் எப்படி வந்தது? வீட்டுக்கு வந்த பிறகு விளங்கியது. பேராக் ஐந்தையும் அடித்தது, திரங்கானு ஒன்றைக் கோட்டைவிட்டது. அவர்கள் விட்டதற்கும் நாம் கத்தியிருக்கிறோம். 5-3. அறையிலே பார்த்த பதினாறு பேரும் ஐந்து கோலைப் பற்றியே பேசினார்கள். மற்றவன் தோற்ற சந்தோஷத்தை யாரும் கணக்கில் வைக்கவில்லை. வெளியே நின்றவனுக்குத்தான் அது தனியாகக் கேட்டது.

தாத்தா அழுதுகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு, கன்னத்தைத் தடவி, "உன்னாலதான்டா ஜெயிச்சோம்" என்றார். இருபத்தேழு வருடமாக என்னால் தோற்றவர் அன்று என்னால் ஜெயித்தார். பாட்டி, ஆறு கூச்சல் என்று நான் சொன்னதைக் கேட்டதும் எழுந்து விளக்கேற்றினார். "ஆறுன்னா யாரு? ஆறுமுகம்தான்." அடுத்த வெள்ளிக்கிழமை என்னை ஈப்போ கல்லுமலைக்கு அழைத்துப்போய் முருகனுக்கு அர்ச்சனை செய்தார். அர்ச்சனை என் பெயருக்கு இல்லை, பேராக் அணியின் பெயருக்கு. நட்சத்திரம் என்ன என்று குருக்கள் கேட்டபோது பாட்டி சற்றுத் தடுமாறிவிட்டு என் நட்சத்திரத்தையே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த அணியும் நானும் ஒரே நட்சத்திரம்.

1999-ல் கிண்ணம் நாட்டிலேயே இல்லை. புருணை வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று தாத்தா தெளிவாகச் சொல்லிவிட்டதால் அதை விடுவோம்.

2000-ல் மீண்டும் இறுதியாட்டம். எதிரே நெகிரி செம்பிலான். இந்த முறை வெற்றிலைக்கு அனுப்பி ஆபத்தைக் கடைசி நேரம் வரை வளரவிட வீட்டில் யாரும் தயாராக இல்லை. தொண்ணூறு நிமிடமும் நான் ஊரில் இருக்கக்கூடாது. அதற்கு என்ன வழி? எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. பெண் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். கம்பாரில் ஒரு குடும்பம் இருந்தது. ஜாதகமும் பொருந்தியது. நாள் பார்த்துச் சொன்னது யார் என்று பிறகுதான் விசாரித்தேன். ஜோசியர் இல்லை, தாத்தா. பந்து பார்க்காத அத்தைகள் இருவரையும் துணைக்கு அனுப்பினார்கள்.

கம்பார் வீட்டில் பெண்ணின் அப்பா எங்களை உட்கார வைத்தார். கேசரி வந்தது. ஆனால் மனுஷனின் காது மட்டும் உள்ளறையில் இருந்தது. உள்ளே தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. "மாப்பிள்ளைக்குப் பந்துல விருப்பம் உண்டுங்களா? உள்ள வந்து பாக்கறீங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். நான் எழுந்தேன். பெரிய அத்தை என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்து, "அவன் பாக்கமாட்டான். பாக்கவும் கூடாது" என்றார். பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். குடிப்பழக்கம் உண்டா என்ற கேள்விக்குச் சொல்ல வேண்டிய பதிலை அத்தை பந்துக்குச் சொல்லிவிட்டார்.

உள்ளேயிருந்து ஒரு கூச்சல். சற்று நேரம் கழித்து இன்னொன்று. 2-0. அந்த இரண்டாவது கூச்சலில் பெண்ணின் அப்பா எழுந்து ஓடி, திரும்பி வந்து, மூச்சு வாங்க, "எங்களுக்குச் சம்மதம்" என்றார். பெண்ணை அப்போது நான் இன்னும் பார்த்திருக்கவில்லை. "அன்னிக்குப் பேராக் தோத்திருந்தா எங்கப்பா வேற மாப்பிள்ளை பாத்திருப்பாரு" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்வாள். அதில் வருத்தம் எந்தப் பக்கம் என்பதை நான் கேட்டதில்லை.

கல்யாணம் ஆனவனுக்குப் பழைய பட்டங்கள் எல்லாம் கழன்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை. என் மனைவி பகுத்தறிவோடு வளர்ந்தவள். "ராசியாவது மண்ணாவது, நீங்க என் பக்கத்துல உக்காந்து பாருங்க" என்றாள். 2001 இறுதியாட்டம். பேராக்கின் முன்வரிசையில் வி. சரவணன் ஆடிய காலம். வீட்டில் நம் பிள்ளை ஆடுகிறான் என்ற தனிப் பெருமை. நான் நாற்காலியில், நடுவில், முழுத் திரையும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். திரங்கானு 2-1 என்று ஜெயித்தது. அவர்கள் வரலாற்றிலேயே முதல் மலேசியக் கிண்ணம் அது. திரங்கானு மாநிலத்துக்கு நான் செய்த இந்தச் சேவையை அங்கே யாரும் அறியமாட்டார்கள்.

தாத்தா எதுவும் பேசவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. அவர் அதற்குப் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. கடைசி நாட்களில் பேராக் 2002-லும் 2003-லும் லீக்கை வென்ற கதையைப் பேசிக்கொண்டிருந்தார். லீக் மாதக்கணக்கில் நடப்பது, அத்தனை மாதத்துக்கு என்னை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். இருந்தும் பேராக் வென்றது. இது தன் கொள்கைக்கு இடிக்கிறதே என்று தாத்தா யோசித்து, "லீக்குல இவன் பாத்த ஆட்டம் பாதி, தூங்குன ஆட்டம் பாதி" என்று சரிசெய்துகொண்டார்.

2007-ல் மறுபடியும் இறுதியாட்டம், கெடாவுடன். மனைவி இப்போது அவ்வளவு பகுத்தறிவாக இல்லை. ஆனாலும் தன் வாயால் சொன்ன வார்த்தைக்காக என்னை உட்காரவிட்டாள். முதல் கோல் கெடாவுக்கு. அவள் என்னைப் பார்த்தாள். இரண்டாவது கெடாவுக்கு. அவள் ரிமோட்டைக் கையில் எடுத்தாள். மூன்றாவதும் விழுந்த பிறகு, "என்னங்க, பால் தீந்துபோச்சு, கடைக்குப் போயிட்டு வாங்க" என்றாள். குரல் அவளுடையது, சொல் தாத்தாவுடையது. பரம்பரைச் சொத்து இப்படித்தான் மருமகள் கைக்குப் போய்ச் சேர்கிறது.

என் ராசியின் எல்லை எதுவரை என்ற ஆராய்ச்சி 2010-ல் நடந்தது. சுசுகி கிண்ண இறுதியாட்டம், நம் கே. ராஜகோபால் பயிற்சியாளர். டிசம்பர் 26 இரவு புக்கிட் ஜாலிலில் மலேசியா இந்தோனேசியாவை 3-0 என்று அடித்ததை நான் முழுசாக, கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பார்த்தேன். ஜக்கார்த்தாவில் 2-1 என்று தோற்றாலும் கூட்டுக்கணக்கில் கிண்ணம் நமக்குத்தான். டிசம்பர் 31-ஐ நாட்டுக்கே விடுமுறை விட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒட்டுக்கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டே இதை ஆராய்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இவன் ராசி மாநில அணிக்கு மட்டும். வடக்கே பாரிட் புந்தாரில் தொடங்குகிறது, தெற்கே தஞ்சோங் மாலிமில் முடிகிறது.

இந்த முடிவுதான் எனக்கு 2018-ல் கைகொடுத்தது. பேராக் அந்த வருடம் லீக்கில் இரண்டாம் இடம். பயிற்சியாளர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மெஹ்மட் டுராகோவிச். அக்டோபர் 27, ஷா ஆலாம் அரங்கம், எதிரே மறுபடியும் திரங்கானு. பதினெட்டு வருடம் கழித்து வந்த வாய்ப்பு. "ஷா ஆலாம் சிலாங்கூர்ல இருக்கு. என் ராசி தஞ்சோங் மாலிம் தாண்டாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று அக்கா வீட்டுக்காரரிடம் வாதாடினேன். அத்தான் வேனுக்கு ஏற்பாடு செய்தவர், டிக்கெட்டும் அவர் கையில். வெகுநேரம் யோசித்தார். "சரி வா. ஆனா பினால்டின்னு வந்தா நான் சொல்றதக் கேக்கணும்" என்றார். சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வேன் முழுக்க மஞ்சள் கறுப்புச் சட்டை. தாப்பா ஓய்விடத்தில் இறங்கினால் அங்கேயும் மஞ்சள். கழிவறை வரிசையிலிருந்து நாசி லெமாக் வரிசை வரைக்கும் ஒரே மஞ்சளாய், தைப்பூசத்துக்குக் கல்லுமலையில் நிற்பது போலிருந்தது. காவடி மட்டும்தான் இல்லை. மலாய், சீனம், தமிழ் மூன்றிலும் ஒரே பேச்சு: செலாடாங். நம் அணியின் சின்னம் அந்தக் காட்டெருதுதான். காட்டிலேயே அருகிவிட்ட மிருகத்தைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே நாம் யோசித்திருக்கவேண்டும்.

ஆட்டத்தைப் பற்றி என்ன சொல்ல. தொண்ணூறு நிமிடமும் பார்த்தேன், கூடுதல் நேரமும் பார்த்தேன். 3-3. என் ராசி பேராக்கைக் கீழே இழுக்க, பேராக் மேலே ஏற, ஆறு கோலுக்கு இடையில் என் நெஞ்சு பட்ட பாட்டுக்கு மருந்து இல்லை. நடுவர் பினால்டிக்கு விசில் ஊதினார். நான் அத்தானைப் பார்க்காமல் முன்னால் இருந்தவரின் தலைமுடியைப் பார்த்தேன்.

"மச்சான்."

"அத்தான், இது சிலாங்கூர்..."

"நீ கோப்பெங்காரன்தானே? சத்தியம் பண்ணியா இல்லியா?"

எங்கள் வரிசை முழுவதும் கால்களை ஒடுக்கி எனக்கு வழிவிட்டது. இவ்வளவு ஒழுங்காக ஒரு கூட்டம் வழிவிட்டு நான் பார்த்ததில்லை.

கீழே நடைபாதையில் குழாய் விளக்கு வெளிச்சம். பர்கர் கடைக்காரன்கூடக் கல்லை அணைத்துவிட்டு மேலே ஓடியிருந்தான். தூணில் சாய்ந்து ஒரு பெரியவர் மட்டும் நின்றார். அறுபது வயது இருக்கும். கழுத்தில் திரங்கானு துண்டு, கையில் கெரோப்போ லெக்கோர் பொட்டலம்.

"பாக்சிக், உடம்பு சரியில்லையா?" என்று மலாயில் கேட்டேன்.

தலையை ஆட்டினார். மேலே கையைக் காட்டினார். "பிள்ளைகள் அனுப்பிவிட்டார்கள். நான் பார்த்தால் திரங்கானு தோற்றுவிடுமாம்."

அந்தக் கணத்தில் எனக்கு உலகத்தில் சொந்தம் என்று ஒருவர் கிடைத்தார். நானும் அதற்குத்தான் வந்தேன் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பொட்டலத்தை நீட்டினார். இருவரும் தின்றோம். யாருடைய ராசி பெரியது என்று மேலே முடிவாகிக்கொண்டிருந்தது.

அரங்கத்துக்கு அடியில் நின்றால் கூச்சல் காதுக்கு வராது, காலுக்கு வரும். சிமெண்டுத் தரை அதிரும். எந்தப் பக்கம் கத்துகிறது என்பதுதான் கேள்வி. எங்கள் கூட்டம் இருந்த பக்கம் எனக்குத் தெரியும், அவர் கூட்டம் இருந்த பக்கம் அவருக்கு. எங்கள் பக்கம் ஒன்று. அடுத்து அவர் பக்கம் ஒன்று. அவர் முகம் மலர்ந்தது. அப்புறம் எங்கள் பக்கம், மறுபடி எங்கள் பக்கம், மறுபடியும் எங்கள் பக்கம். அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். நான் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன். ஐந்து. சிறிது அமைதி. பிறகு தூண் அதிர்ந்தது. ஆறு.

"பாக்சிக், முடிந்துவிட்டது" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"ஆறு."

அவருக்குப் புரிந்திருக்காது. ஆறுமுகத்தை மலாயில் விளக்குவதற்கும் அது நேரமில்லை. நாலு அடித்தோம், அவர்கள் இரண்டு விட்டார்கள், 4-1. கூட்டினால் ஆறு. 1998-ல் கோப்பெங் தெருவில் கேட்ட அதே கணக்கு. பெரியவர் மீதிப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். "இனிமேல் என் பிள்ளைகள் என்னை உள்ளே உட்காரவிடுவார்கள்" என்றார். தோற்றவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஜெயித்த எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை. என் தண்டனை அந்த ஆறாவது கூச்சலோடு உறுதியாகிவிட்டது.

மறுநாள் காலை பசியாற ஒட்டுக்கடைக்குப் போனேன். கோப்பெங்கே அந்த பினால்டிகளை நடித்துக்காட்டிக்கொண்டிருந்தது. எங்கள் வேனில் வந்தது பதினான்கு பேர். கடையில் நேரில் பார்த்ததாகச் சொன்னவர்கள் நாற்பதுக்கும் மேல். அதிலொருவர் முதல்நாள் சாயங்காலம் முழுவதும் சிம்பாங் புலாயில் மோட்டாருக்கு டயர் மாற்றிக்கொண்டிருந்தவர். கோல்கீப்பர் எந்தப் பக்கம் பாய்ந்தார் என்று அவர் ரொட்டி சானாயைப் பாய்ச்சிக் காட்டினார். "நீங்களும் போனீங்கதானே, சொல்லுங்கண்ணே, இப்படித்தானே பாய்ஞ்சாரு?" என்று என்னைச் சாட்சிக்கு இழுத்தார். "ஆமா, அப்படித்தான்" என்றேன். டிக்கெட் வாங்கி, இருநூறு கிலோமீட்டர் போய், அரங்கத்துக்குள் நின்றவன், டயர் மாற்றியவரின் பொய்க்குச் சாட்சி சொல்லவேண்டி வந்தது.

என் மகன் இப்போது பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறான். ஒரு விடுமுறையில் என்னை உட்காரவைத்து, தாளில் கோடு போட்டு, இதெல்லாம் தற்செயல் என்று விளக்கினான். நான் பார்க்காமலே பேராக் தோற்ற ஆட்டங்களை எல்லாம் பட்டியலிட்டான். நீண்ட பட்டியல். கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வந்தது. இருபத்தெட்டு வருடம் ஒரு மாநிலத்தையே கிண்ணம் இல்லாமல் காயவிட்டவன், பிறகு மூன்று கிண்ணத்தை வெளியே நின்றே கொண்டுவந்தவன் என்று ஊருக்குள் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. அதைப் பறித்துவிட்டுப் பதிலுக்கு நிகழ்தகவைக் கையில் கொடுத்தால் யார் வாங்குவார்கள்? "உன் தாள்ல முருகன் எங்கடா?" என்று கேட்டேன். பையன் தாளை மடித்து வைத்துவிட்டான்.

2020-ல் கோவிட்டால் மலேசியக் கிண்ணப் போட்டி இறுதியாட்டம் வரை போகவில்லை. நாடு முழுவதையும் வீட்டுக்குள் போட்டு அடைத்த வருடம், என்னை வெளியே அனுப்ப யாருக்கும் அனுமதி இல்லை. 2021-ல் பேராக் சூப்பர் லீக்கிலிருந்து கீழே இறங்கியது. 2023-ல் மேலே வந்தது. 2025 நடுவில் ஒருநாள் மகன் கைப்பேசியை நீட்டினான். பேராக் லீக்கிலிருந்தே விலகிக்கொண்டது என்று செய்தி. 2025-26 பருவத்துக்குப் பேராக் இல்லை.

அத்தானுக்கு அழைத்தேன். எடுத்தவுடனே, "நீ ஏதாச்சும் ஆட்டம் பாத்தியா?" என்று கேட்டார். பழக்கதோஷம்.

இப்போதெல்லாம் கோப்பெங்குக்கு வெளியூர்க்காரர்கள் கம்பார் ஆற்றில் ரப்பர்ப் படகு விடவும், குவா தெம்புரோங் குகையைப் பார்க்கவும் வருகிறார்கள். ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பசியாறும்போது, சுவரில் மாட்டியிருக்கும் 2018 படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்பார்கள். நாற்பது பேரும் சொல்லத் தொடங்குவார்கள். டயர்க்காரர் ரொட்டியை எடுப்பார். நானும் போய் உட்கார்ந்து, அப்படித்தான், அப்படித்தான் என்று தலையாட்டுவேன்.

தாத்தா ஜன்னலுக்கு வெளியே நின்று மூன்று கிண்ணம். நான் தெருவில், கம்பாரில், நடைபாதையில் நின்று மூன்று கிண்ணம். பேராக் வாங்கிய எட்டில் ஆறு எங்கள் வீட்டார் வெளியே நின்று வாங்கியது. இன்னும் எத்தனை முறை சொன்னாலும் நான் வெளியே போகத் தயார். வெற்றிலைக்கு, பாலுக்கு, எதற்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

ஆனால் உள்ளே ஓர் ஆட்டம் நடக்கவேண்டுமே.